ஜூனியர் யூரோவிஷன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜூனியர் யூரோவிஷன் என்றால் என்ன?

ஐரோப்பிய நாடுகள் ஆளுக்கொரு புதுப் பாட்டுடன் தங்கள் சிறுவர் சிறுமியரை அனுப்பிப் போட்டியிடும் தொலைக்காட்சி நிகழ்ச்சி. பெரியவர்களுக்கான யூரோவிஷன் 1956 முதல் நடந்து வருகிறது. சிறுவர்களுக்கான இந்தப் பதிப்பு 2003இல் தொடங்கியது. இரண்டையும் நடத்துவது ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம். ஜெனீவாவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்த அமைப்பு, பெரும்பாலும் பொதுத்துறைத் தொலைக்காட்சி, வானொலி நிறுவனங்களின் கூட்டமைப்பு. ஆகவே பிள்ளைகள் நாட்டின் பெயரில் மேடையேறினாலும் அவர்களை அனுப்புவது அரசாங்கமல்ல, தொலைக்காட்சி நிறுவனம். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் பல குழப்பங்கள் தீரும்.

ஆண்டுக்கு ஒரு முறை, நவம்பரிலோ டிசம்பரிலோ நடக்கும். பெரியவர்கள் போட்டியைப் போல அரையிறுதிகள் கிடையாது. ஒரே நாள், ஒரே நிகழ்ச்சி, அன்றைக்கே முடிவு.

யாருக்கு வந்த யோசனை இது?

டென்மார்க்குக்கு. அந்நாட்டுத் தொலைக்காட்சி 2000இல் சிறுவர் பாட்டுப் போட்டி ஒன்றைத் தொடங்கியது. பிள்ளைகள் தாங்களே எழுதி, தாங்களே மெட்டமைத்துப் பாட வேண்டும் என்பது அதன் அடிப்படை. 2002இல் நார்வேயும் சுவீடனும் சேர்ந்து மூன்று நாடுகளின் போட்டியாயிற்று. அதன் வரவேற்பைப் பார்த்த ஒலிபரப்பு ஒன்றியம் யோசனையை ஐரோப்பா முழுமைக்கும் விரித்தது. முதல் போட்டி 2003 நவம்பர் 15 அன்று கோபன்ஹேகனில் நடந்தது. 16 நாடுகள் வந்தன. 11 வயது டினோ யெலூசிச் குரோவேஷியாவுக்காகப் பாடி வென்றான்.

இரண்டாவது ஆண்டே தடுமாற்றம். இங்கிலாந்தின் மான்செஸ்டரில் நடப்பதாக இருந்தது, அவர்கள் கைவிட்டார்கள். அடுத்து குரோவேஷியா என்றார்கள். அங்கே அரங்கம் கிடைக்கவில்லை. கடைசியில் நார்வேயின் லில்லெஹாமர் ஏற்று நடத்தியது. போட்டி இருபது ஆண்டு தாண்டும் என்று அன்று யாரும் பந்தயம் கட்டியிருக்க மாட்டார்கள்.

நம் தொலைக்காட்சிகளில் வரும் சிறுவர் பாட்டுப் போட்டிகளைப் போன்றதுதானா?

இல்லை. நம் பிள்ளைகள் பாடுவது பெரும்பாலும் திரைப்படப் பாடல்கள். பெரியவர்கள் பாடிப் புகழ்பெற்ற பாட்டை, சங்கதி பிசகாமல், அதே பாவத்தில் பாடிக் காட்டுவதுதான் தேர்வு. நடுவரின் காதில் மூலப் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். ஜூனியர் யூரோவிஷனில் ஒப்பிட மூலமே கிடையாது, ஏனென்றால் அந்தப் பிள்ளைதான் மூலம். ஒவ்வொரு பாட்டும் அந்த ஆண்டுப் போட்டிக்கென்றே உருவானது. வாரக்கணக்கில் நீளும் சுற்றுகள், அழுகைக் காட்சிகள், நடுவர் விமர்சனம் எதுவும் இல்லை. மூன்று நிமிடம் பாடுகிறார்கள், இறங்குகிறார்கள். எந்த நடுவரும் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு ஒரு பத்து வயதுப் பிள்ளைக்குச் சுருதி பாடம் எடுப்பதில்லை. எனக்கு இந்தப் போட்டியில் முதலில் பிடித்துப்போனது அதுதான்.

வயது வரம்பு?

9 முதல் 14 வரை. தொடக்க ஆண்டுகளில் 8 முதல் 15 என்றும், 2007 முதல் 10 முதல் 15 என்றும் இருந்தது. 2016இல் இப்போதைய வரம்பு வந்தது.

பாட்டுக்கு என்னென்ன விதிகள்?

இரண்டரை நிமிடத்துக்குக் குறையக் கூடாது, மூன்று நிமிடத்தைத் தாண்டக் கூடாது. மேடையில் ஆறு பேருக்கு மேல் நிற்க முடியாது. முதன்மைக் குரல் நேரலையில் பாடப்பட வேண்டும். இசையும் துணைக்குரல்களும் பதிவிலிருந்து வரலாம். மொழி விதிதான் முக்கியம். அதற்குத் தனிக் கேள்வி கீழே இருக்கிறது.

பிள்ளைகளேதான் எழுதுகிறார்களா?

தொடக்கத்தில் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று விதி இருந்தது. 2008இல் பெரியவர்கள் உதவலாம் என்று தளர்த்தினார்கள். இன்று பல பாட்டுகளின் பின்னால் இருப்பவர்கள் தொழில்முறைப் பாடலாசிரியர்கள். பெரியவர்களின் யூரோவிஷனுக்கு எழுதுகிறவர்களே இங்கும் எழுதுகிறார்கள். தரம் கூடிவிட்டது என்பதை மறுக்க முடியாது. ஆனால் முதல் சில ஆண்டுகளின் ஒளிப்பதிவுகளைப் பார்த்தால், மெட்டு கொஞ்சம் கோணலாக இருந்தாலும், வகுப்பறை, நண்பர்கள், முதல் ஈர்ப்பு என்று அந்த வயதின் சங்கதிகளே பாட்டில் இருக்கும். இப்போது உலக அமைதி, பருவநிலை மாற்றம், தன்னம்பிக்கை என்று கருப்பொருள்கள் பெரிதாகிவிட்டன. பத்து வயதில் எவரும் தானாக உட்கார்ந்து தன்னம்பிக்கை பற்றி எழுதுவதில்லை. அது பெரியவர்களின் கவலை, பிள்ளையின் வாயில் வைக்கப்படுகிறது.

எல்லோரும் ஆங்கிலத்தில்தானே பாடுகிறார்கள்?

பெரியவர்கள் போட்டியில் பெரும்பாலும் ஆம். அங்கே மொழிக் கட்டுப்பாடு 1999இல் நீங்கியது. அதன்பின் ஆங்கிலம் வெள்ளமாக வந்தது. சிறுவர் போட்டியில் விதி வேறு. பாடல் வரிகளில் குறைந்தது 60 விழுக்காடு அந்த நாட்டின் மொழியில் இருக்க வேண்டும். எஞ்சியதில்தான் ஆங்கிலமோ வேறெதுவோ வரலாம். அதனால் சரணங்கள் தாய்மொழியில் ஓடி, கடைசிப் பல்லவி மட்டும் திடீரென்று ஆங்கிலத்துக்குத் தாவும் ஒரு வாய்பாடு உருவாகியிருக்கிறது. நெதர்லாந்துக்காரர்கள் இதில் கைதேர்ந்தவர்கள். மால்டா போன்ற நாடுகளில் ஆங்கிலமும் ஆட்சிமொழி என்பதால் அவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

இந்த விதியால் நடந்த அருமையான காரியம் அயர்லாந்து. பெரியவர்கள் போட்டியை ஏழு முறை வென்ற நாடு. ஆனால் அதன் வரலாற்றில் ஐரிஷ் மொழியில் பாடியது ஒரே ஒரு முறை, 1972இல். சிறுவர் போட்டிக்கு 2015இல் வந்தபோது அனுப்பியது டி.ஜி.4 என்ற ஐரிஷ் மொழித் தொலைக்காட்சி. அது முதல் அயர்லாந்துப் பிள்ளைகள் ஐரிஷில் பாடுகிறார்கள். பள்ளியில் கட்டாயப் பாடமாகப் படித்துவிட்டு வெளியே வந்ததும் மறந்துவிடும் மொழி என்று அந்நாட்டவரே அலுத்துக்கொள்ளும் மொழி, ஆண்டுக்கு ஒரு முறை ஐரோப்பாவின் பெரிய மேடை ஒன்றில் ஒலிக்கிறது. 2022இல் சோஃபி லெனன் நான்காம் இடம் பிடித்தாள். 2018இலும் 2019இலும் பிரிட்டனின் ஒரு பகுதியான வேல்ஸ் தனி நாடாகக் கலந்துகொண்டு வெல்ஷ் மொழியில் பாடியது. பெரியவர்கள் போட்டியில் வேல்ஸ் என்ற பெயரே இருந்ததில்லை. 2018இல் பெலருஸின் மின்ஸ்கில் அது கடைசி இடம்; இருந்தும் மறு ஆண்டும் வெல்ஷிலேயே பாடியது.

இந்த விதியை மேலும் தளர்த்த வேண்டும் என்று சொல்பவர்கள் உண்டு. தளர்த்தினால் இந்தப் போட்டியைப் பார்க்க எனக்குத் தனிக் காரணம் எதுவும் மிஞ்சாது.

தேனீ மொழியில் பாடி வென்றார்கள் என்பது உண்மையா?

உண்மை. 2008, சைப்ரஸின் லிமசோல். ஜார்ஜியாவின் ‘ப்ஸிகேபி’ என்ற மூவர் குழு, கறுப்பும் மஞ்சளுமாகத் தேனீ உடையில் வந்து, எந்த மொழியிலும் இல்லாத ரீங்கார ஒலிகளை வைத்தே ஜாஸ் பாணியில் பாடினார்கள். சொல் இல்லாத பாட்டுக்குத்தான் அந்த ஆண்டு முதல் பரிசு. அடுத்த ஆண்டு வென்ற நெதர்லாந்துச் சிறுவன் ரால்ஃப் மக்கன்பாக், பாடிக்கொண்டே காலணித் தாளம் தட்டி ஆடினான். அந்த இரண்டு ஆண்டுகளையும் அடுத்தடுத்துப் பார்க்க வேண்டும்.

ஆஸ்திரேலியா எப்படி உள்ளே வந்தது?

அழைப்பின் பேரில். 2015 முதல் 2019 வரை ஐந்து முறை வந்து, இரண்டு முறை மூன்றாம் இடம் பெற்றது. கஜகஸ்தானும் 2018இல் இப்படித்தான் வந்தது. 2019இலும் 2020இலும் இரண்டாம் இடம். ‘ஐரோப்பா’ என்ற சொல்லை இந்தப் போட்டியில் வரைபடம் வைத்துப் பார்க்கக் கூடாது.

மதிப்பெண் எப்படிப் போடுகிறார்கள்?

பாதி நடுவர்கள், பாதி இணைய வாக்கு.

ஒவ்வொரு நாட்டிலும் ஒரு நடுவர் குழு இருக்கிறது. அதில் இசைத்துறைப் பெரியவர்களுடன் சிறுவர்களும் அமர்கிறார்கள். அந்தக் குழு தன் நாட்டை விட்டுவிட்டு மற்றவற்றில் பத்துப் பாட்டுகளுக்கு 12, 10, 8, பின் 7இலிருந்து 1 வரை தருகிறது. கூட்டினால் ஒரு குழு தருவது 58 மதிப்பெண். 2024இல் 17 நாடுகள் என்பதால் நடுவர்கள் பக்கம் மொத்தம் 986.

அதே அளவு மதிப்பெண் இணைய வாக்குக்கும் ஒதுக்கப்படுகிறது. ஆனால் அதைப் பங்கிடும் முறை வேறு: வாக்கு விகிதப்படி நேரே பிரிக்கிறார்கள். மொத்த வாக்கில் பத்து விழுக்காடு ஒரு பாட்டுக்கு விழுந்தால், அந்த 986இல் பத்து விழுக்காடு, அதாவது சுமார் 99 மதிப்பெண் அதற்கு. நடுவர்கள் நாடு நாடாக மதிப்பெண் சொல்லி முடிக்கும்போது முன்னிலையில் இருப்பவர் கடைசியில் கவிழ்ந்துபோவது இதனால்தான். நடுவர்களின் வரிசையில் கீழே இருப்பவர்களிடமிருந்து தொடங்கி, இணைய மதிப்பெண்ணை ஒவ்வொன்றாகச் சொல்லி மேலே வருவார்கள். அந்தப் பத்து நிமிடம் பிள்ளைகளின் முகத்துக்கு மிக அருகே கேமரா நிற்கும். பார்ப்பவர்களுக்கு விறுவிறுப்பு. எனக்கு ஒவ்வொரு முறையும் அந்தக் கேமராவைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லத் தோன்றும்.

தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வாக்களிக்கலாமா?

வாக்களிக்கலாம். 2017இல் இணைய வாக்கு வந்ததிலிருந்து உலகின் எந்த மூலையிலிருந்தும் போட்டியின் இணையதளத்தில் இலவசமாக வாக்களிக்க முடிகிறது. நிகழ்ச்சிக்கு முன்பே வாக்கு தொடங்கி, ஒளிபரப்பு ஆரம்பிக்கும்போது நிற்கும். கடைசிப் பாட்டு முடிந்ததும் மறுபடி கால் மணி நேரம் திறக்கும். நிகழ்ச்சியை யூடியூபில் போட்டியின் அலைவரிசையிலேயே பார்க்கலாம். 2024இல் மாட்ரிட்டில் மாலை 6 மணிக்குத் தொடங்கியது. நமக்கு இரவு 10.30.

சொந்த நாட்டுக்கே வாக்களிக்க முடியுமா?

முடியும். பெரியவர்கள் போட்டியில் இல்லாத வழக்கம் இது. ஆனால் ஒரு பாட்டை மட்டும் தேர்ந்தெடுத்துவிட்டு வெளியேற முடியாது. குறைந்தது மூன்றையாவது தேர்ந்தெடுக்க வேண்டும். மக்கள்தொகை மிகுந்த நாடுகளுக்கு இது சாதகம் என்ற குற்றச்சாட்டில் நியாயம் இருக்கிறது. இந்த முறை வந்தபின் 2024 வரை போலந்து இரண்டு முறையும் பிரான்ஸ் மூன்று முறையும் வென்றிருக்கின்றன. மறுபக்கம், நாற்பது லட்சம் பேர்கூட இல்லாத ஜார்ஜியா 2024இல் வென்றதையும் சொல்ல வேண்டும்.

யாராவது பூஜ்யம் வாங்கியிருக்கிறார்களா?

பூஜ்யம் வரக் கூடாது என்பதற்காகவே 2005 முதல் 2015 வரை எல்லோருக்கும் தொடக்கத்திலேயே 12 மதிப்பெண் சும்மா கொடுத்துவிடுவார்கள். கணக்கில் எந்த மாற்றமும் வராது. பலகையில் முட்டை மட்டும் தெரியாது. பிள்ளைகளுக்குச் செய்ய வேண்டிய மரியாதைதான்.

அதிகம் வென்ற நாடு எது?

2024 வரையான கணக்கில் ஜார்ஜியா: 2008, 2011, 2016, 2024. பெரியவர்கள் போட்டியில் இதே ஜார்ஜியாவின் சிறந்த இடம் ஒன்பதுதான். மால்டா, ஆர்மீனியா, போலந்து, பெலருஸ் ஆகிய நாடுகளுக்கும் இதே கதை: பெரியவர்களிடம் கிடைக்காத வெற்றி சிறுவர்களிடம் இரண்டு முறை.

ஜார்ஜியாவுக்கு மட்டும் ஏன் என்றால், அந்நாட்டுப் பலகுரல் பாடல் மரபைச் சுட்டுவார்கள். விருந்தில் உட்கார்ந்தவர்களே மூன்று குரலாகப் பிரிந்து பாடும் வழக்கம் அங்கே உண்டு. யுனெஸ்கோ 2001இல் அதைச் சிறப்பித்தது. அது பாதிக் காரணம்தான். மற்றப் பாதி, அந்நாட்டுத் தொலைக்காட்சி இந்தப் போட்டியை இரண்டாந்தரமாக நினைக்காதது.

மால்டாவையும் சொல்ல வேண்டும். 2013இல் காயா காவ்கியும் 2015இல் டெஸ்டினி சுக்குனியேரேயும் வென்றபோது அந்தச் சின்னத் தீவு நாடு, குடியரசுக்குச் சேவை செய்தோருக்கான பதக்கத்தையே அவர்களுக்குக் கொடுத்தது.

போலந்தின் கதை என்ன? எல்லோரும் அதையே சொல்கிறார்களே?

2003இல் கடைசி இடம். 2004இலும் கடைசி இடம். விலகிப் போய்விட்டார்கள். பன்னிரண்டு ஆண்டு கழித்து 2016இல் திரும்பினார்கள். 2018இல் ரொக்சானா வெங்கியெல் மின்ஸ்கில் வென்றாள். மறு ஆண்டு சொந்த மண்ணில், கிளிவிட்சே நகரில், விக்கி காபோர் வென்றாள். நிகழ்ச்சித் தொகுப்பாளர்களில் ஒருத்தி அதே ரொக்சானா. தொடர்ந்து இரண்டு ஆண்டு எந்த நாடும் அதற்கு முன் வென்றதில்லை.

வென்ற நாடு அடுத்த ஆண்டு நடத்தியே ஆக வேண்டுமா?

இல்லை. முதல் வாய்ப்பு அவர்களுக்குத் தரப்படும். வேண்டாமென்றால் மற்றவர்களிடம் போகும். 2014இல் வென்ற இத்தாலி மறுத்ததால் 2015 போட்டி பல்கேரியாவின் சோஃபியாவில் நடந்தது. 2023இல் நீஸ் நகரில் நடத்தி வென்ற பிரான்ஸ் அடுத்ததை விட்டுக்கொடுக்க, ஸ்பெயின் எடுத்துக்கொண்டது. செலவு ஒரு பெரிய விஷயம், பிள்ளைகள் நிகழ்ச்சிக்கு விளம்பர வருவாயும் குறைவு.

இதிலும் அரசியல் உண்டா?

உண்டு. பிள்ளைகள் என்பதால் அது வேறு விதமாக உறுத்துகிறது.

2020இல் ஆர்மீனியா, மலேனா என்ற சிறுமியைத் தேர்ந்தெடுத்திருந்தது. கராபாக் பகுதிக்காக அஜர்பைஜானுடன் போர் மூண்டது. நவம்பர் தொடக்கத்தில், போட்டிக்குச் சில வாரம் இருக்கையில் ஆர்மீனியா விலகியது. மறு ஆண்டு அவளையே புதுப் பாட்டுடன் பாரிசுக்கு அனுப்பினார்கள். 224 மதிப்பெண். போலந்தின் சாரா ஜேம்ஸ் 218. ஆறு மதிப்பெண் வித்தியாசத்தில் மலேனா வென்றாள், 2022 போட்டி எரவானுக்கு வந்தது.

பெலருஸின் தொலைக்காட்சி நிறுவனம் 2021இல் ஒன்றியத்திலிருந்து இடைநிறுத்தப்பட்டது. இரண்டு முறை வென்ற, இரண்டு முறை நடத்திய நாடு அதோடு காணாமல்போனது. ரஷ்யா 2022இல் உக்ரைன் படையெடுப்பைத் தொடர்ந்து வெளியேறியது. அதற்கு நேர்மாறாக உக்ரைன், குண்டுகள் விழுந்துகொண்டிருந்த ஆண்டுகளிலும் பிள்ளைகளை அனுப்பத் தவறவில்லை. 2024இல் ஆர்த்தெம் கோத்தென்கோ மூன்றாம் இடம் பெற்றான்.

கொரோனா ஆண்டில் என்ன செய்தார்கள்?

தொகுப்பாளர்கள் வார்சாவில், பிள்ளைகள் அவரவர் நாட்டில். ஒவ்வொருவரும் உள்ளூர் அரங்கில் பாடியதை முன்கூட்டியே பதிவு செய்து ஒளிபரப்பினார்கள். வந்தது 12 நாடுகளே. பிரான்சின் வாலன்டினா வென்றாள். பெரியவர்கள் போட்டி அந்த ஆண்டு நடக்கவேயில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பிள்ளைகளுக்கு இது நல்லதுதானா?

போட்டியைக் கண்டுபிடித்த டென்மார்க்கே 2005க்குப் பிறகு விலகிவிட்டது, நார்வேயும் அப்படியே. பிள்ளைகள்மேல் அழுத்தம் அதிகம், நிகழ்ச்சி பெரியவர்களின் கண்காட்சியாக மாறுகிறது என்பது அவர்கள் குறை. 2006 முதல் தங்களுக்குள் பழைய மூன்று நாட்டு நோர்டிக் (வட ஐரோப்பிய) போட்டியை மறுபடி நடத்தினார்கள்.

எனக்கு இதில் பாதி உடன்பாடு. ஒப்பனை கூடிவிட்டது, மேடை கூடிவிட்டது, நடன அசைவுகள் பன்னிரண்டு வயதுக்கு உரியவையாக எப்போதும் இருப்பதில்லை. ஒலிபரப்பு ஒன்றியம் இதைக் காதில் வாங்காமல் இல்லை: 2016இல் நிகழ்ச்சியைச் சனிக்கிழமை இரவிலிருந்து ஞாயிறு மாலைக்கு மாற்றியது, வயது உச்சவரம்பைக் குறைத்தது. ஆனால் 2024இல் மீண்டும் சனிக்கிழமை. இன்னொரு பாதி, பாடிய பிள்ளைகளின் நடத்தையைப் பார்த்து வருவது. முடிவு அறிவித்ததும் தோற்ற பிள்ளைகள் ஓடிவந்து வென்றவரைக் கட்டிக்கொள்வதும், மொழி புரியாமலேயே அடுத்த நாட்டுப் பாட்டை வரிக்கு வரி கூடவே பாடுவதும் ஒத்திகை பார்த்துச் செய்வதல்ல. ஒரு வாரம் ஒரே ஊரில் சேர்ந்திருந்ததன் பலன்.

வென்றவர்கள் பிறகு என்ன ஆனார்கள்?

டினோ யெலூசிச் ராக் பாடகராகி, 2021இல் வைட்ஸ்நேக் இசைக்குழுவில் சேர்ந்தார். 2006இல் ஒன்பது வயதில் வென்ற ரஷ்யாவின் டோல்மச்சேவா இரட்டைச் சகோதரிகள் 2014இல் பெரியவர்கள் போட்டியில் பாடினார்கள். டெஸ்டினி 2021இல் மால்டாவுக்காகப் பாடி ஏழாம் இடம் பெற்றார். செர்பியாவின் நெவேனா போஸோவிச் 2007இல் மூன்றாம் இடம்தான். ஆனால் சிறுவர் போட்டியிலிருந்து பெரியவர் போட்டிக்குப் போன முதல் ஆள் அவர், 2013இல். சாரா ஜேம்ஸ் அமெரிக்கத் திறன் போட்டி ஒன்றின் இறுதிச் சுற்றுவரை போனார்.

முதல்முறை பார்ப்பவர் எதிலிருந்து தொடங்கலாம்?

2012, ஆம்ஸ்டர்டாம், உக்ரைனின் அனஸ்தாசியா பெட்ரிக். பத்து வயது. மெல்லத் தொடங்கி, கடைசியில் அந்தச் சின்ன உடம்பிலிருந்து வரும் கரகரத்த முழக்கத்தைக் கேளுங்கள். அவளுடைய அக்கா விக்டோரியா 2008இல் இரண்டாம் இடம். அதன்பின் 2004இல் ஸ்பெயினின் மரியா இசபெல். ஒன்பது வயதில் மேடையைத் தன் வீட்டு முற்றமாக்கிக்கொண்டவள். பிறகு தேனீக்கள்.

எங்கள் பிள்ளைகள் கலந்துகொள்ள வழி உண்டா?

இந்தியாவோ இலங்கையோ போட்டியில் இல்லை. இந்தியாவிலிருந்து நேரடியாக விண்ணப்பிக்க வழியும் இல்லை. பங்கேற்கும் ஐரோப்பிய நாடு ஒன்றில் வாழும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளையென்றால், அந்நாட்டுத் தொலைக்காட்சியின் தேர்வு வழியாகப் போகலாம். அயர்லாந்தில் அது டி.ஜி.4; ஜெர்மனி 2024இல் கலந்துகொண்டபோது கிகா என்ற சிறுவர் அலைவரிசை. சில நாடுகள் போட்டி வைத்துத் தேர்ந்தெடுக்கும், சில தாங்களே ஒருவரை முடிவு செய்துவிடும்; விண்ணப்பத் தேதியை அந்த நிறுவனத்தின் பக்கத்தில்தான் பார்க்க வேண்டும். பிரிட்டன் 2022லும் 2023லும் கலந்துகொண்டு 2024இல் வரவில்லை. சுவிட்சர்லாந்து வந்தது 2004இல் ஒரே முறை. நார்வேயில் இருப்பவர்களுக்கு இந்த வழி அடைபட்டிருந்தாலும், அந்நாட்டின் சொந்தச் சிறுவர் போட்டி இருக்கிறது. அங்கே இன்னமும் பாட்டைப் பிள்ளைதான் எழுத வேண்டும்.